குறிஞ்சி பூக்காத ஆண்டில் குறிஞ்சியை வரைதல்

'மலை வரையுங்கள்' என்றால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முக்கோணங்களைப் போட்டு நடுவில் சூரியனை வைப்பார்கள். கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் கண்ணுக்குத் தெரியும் மலை அப்படி இருப்பதில்லை. வளைந்து இறங்கும் சரிவுகள், படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்கள், உருளைக்கிழங்கு வயல்கள் என்று அது விரியும். அங்கே படிக்கும் குழந்தையும் முக்கோணமே வரைந்தால் வியப்பில்லை. யாரோ கற்றுக்கொடுத்த அடையாளம் மனத்தில் இருக்கிறது. கை அதையே வரைகிறது.

அந்தப் பழக்கத்தை மாற்ற மாதிரிப் படம் உதவும். ஆனால் அதைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்து உண்டு. சிலர் 'பார்த்து வரைவது காப்பி அடிப்பது' என்று தடுக்கிறோம். சிலர் படத்தின் மேல் தாளை வைத்து அப்படியே எடுக்கச் சொல்கிறோம். இரண்டிலும் குழந்தை உற்றுநோக்கக் கற்பதில்லை.

பழனி மலையோடு தொடர்புடைய முன்னோடிகள் நமக்கு உண்டு. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836இல் இம்மலைகளுக்கு வந்து செடிகளை ஆராய்ந்தார். அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். அப்படங்களில் கிளை முழுமையாக இருக்கும். பூவின் உள்ளுறுப்புகள் தனித்தனியாகப் பெரிதாக்கப்பட்டிருக்கும். செடியைப் பிரித்துப் பார்க்காமல் இப்படி வரைய முடியாது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

இந்த முறையை நம் வகுப்புக்குக் கொண்டுவர நீலக்குறிஞ்சி நல்ல பாடம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் இச்செடி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. 2018இல் இன்றைய தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் பிறந்திருக்க மாட்டார்கள், அல்லது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். தங்கள் மலையின் பூவை அவர்கள் படத்தில்தான் பார்க்க முடியும்.

முதலில் கையில் கிடைப்பதிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மலைப்பூண்டு கொடுங்கள். இரண்டு நிமிடம் யாரும் பென்சிலைத் தொடக்கூடாது. தோலின் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே கூடுகின்றன? அகலம் அதிகமா, உயரம் அதிகமா? இக்கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகு வரையட்டும்.

அடுத்து குறிஞ்சி. ஒரு படம் போதாது. மூன்று வேண்டும்: பூத்த சரிவு, ஒரு கிளை, ஒரு பூவின் அண்மைப் படம். நேர் எதிரே எடுத்த படத்தில் பூவின் ஐந்து மடல்கள் தெரியும். அதன் மணி வடிவம் தெரியாது. பக்கவாட்டுப் படம் அதைக் காட்டும். நிறமும் படத்துக்குப் படம் மாறும் என்பதைத் திறன் வகுப்பறைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இலைக்கு மட்டும் படம் வேண்டாம். பூக்காத ஆண்டிலும் செடி இருக்கிறது. அருகில் இருந்தால், பறிக்காமல் போய்ப் பார்க்கலாம். இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதையும், விளிம்பில் பற்கள் இருப்பதையும் குழந்தைகளே கண்டு சொல்வார்கள்.

வரையும்போது பெரிய வடிவம் முதலில், நுணுக்கங்கள் பிறகு. ஒருமுறை வரைந்ததும் மாதிரிப் படத்தை மறைத்துவிட்டு நினைவிலிருந்து மீண்டும் வரையச் செய்யுங்கள். பிறகு படத்தைத் திறந்து, விடுபட்டதை அவர்களே வட்டமிடட்டும். திருத்துவது ஆசிரியரின் சிவப்பு மை அல்ல, குழந்தையின் கண் என்றாகும்.

படத்தின் கீழே ஒரு குறிப்பும் வேண்டும்: 'இலை – நேரில் பார்த்தது. பூ – படத்தில் பார்த்தது.' இதன் தேவையை ஒரு பழைய படம் விளக்கும். 1515இல் இந்தியாவிலிருந்து லிஸ்பன் நகருக்கு ஒரு காண்டாமிருகம் சென்றது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதை நேரில் பார்க்கவில்லை. பிறர் அனுப்பிய ஓவியத்தையும் வர்ணனையையும் கொண்டு வரைந்தார். முதுகில் இல்லாத சிறு கொம்பு ஒன்று அவர் படத்தில் முளைத்தது. அதைப் பார்த்து வரைந்தவர்களும் அந்தக் கொம்பைத் தொடர்ந்து வரைந்தார்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்கும் இது பொருந்தும். வெங்காயத் தோல் செல்களைப் பாடநூல் படத்தைப் பார்த்து வரைவது ஒன்று. நுண்ணோக்கியில் தெரிவதை வரைந்துவிட்டுப் பாடநூல் படத்தோடு ஒப்பிடுவது வேறொன்று. இரண்டாவதில் மாணவர் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்.

மதிப்பிடும்போது அழகுக்கு மட்டும் மதிப்பெண் தராமல், படத்தில் எத்தனை உண்மைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோடு கோணலாக இருந்தாலும் இலைகளை எதிரெதிரே வைத்த குழந்தை நன்றாகப் பார்த்திருக்கிறது. தேதியிட்ட இப்படங்களைப் பள்ளியில் பாதுகாத்து வையுங்கள். 2030இல் சரிவு நீலமாகும்போது, வரைந்தவர்களே அவற்றைக் கையில் எடுத்துச் சென்று பூவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.