அறிவுரையும் அதிகாரமும்: அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திச் செய்கை பற்றிய ஒரு நோக்கு

விவசாய அறிவுரை என்பது வர்க்கச் சார்பற்றதொரு தொழினுட்ப விடயம் என்ற கருத்துப் பரவலாக நிலவுகின்றது. ஆய்வு நிலையங்களிற் கண்டறியப்பட்டதைக் கமக்காரருக்கு எடுத்துரைப்பதே அதன் பணி; கேட்டு நடப்பவன் முன்னேறுவான், நடவாதவன் தன் அறியாமையால் அழிவான் என்பது இக்கருத்தின் உட்கிடை. பருத்தி, சோளம் முதலான நிரைப் பயிர்களைச் செய்கைபண்ணுவோருக்கு அவரவர் ஊரிலேயே அறிவுரை வழங்கும் முறை உருப்பெற்ற ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களை எடுத்துக்கொண்டு, இக்கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை நாம் ஈண்டு நோக்குவோம்.

1892 ஆம் ஆண்டளவில் மெக்சிக்கோவிலிருந்து ரெக்சாஸ் மாநிலத்தினுட் புகுந்த பருத்திக் கூன்வண்டே இம்முறையின் தோற்றத்திற்கு உடனடிக் காரணமாயிற்று. ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளமுடைய இவ்வண்டு பூமொட்டுகளிலும் இளங்காய்களிலும் துளையிட்டு முட்டையிடுகின்றது. புழு உள்ளிருந்தே தின்று வளர்வதால் அக்காலத்து நச்சு மருந்துகள் அதனை எட்டவில்லை. எனவே செய்கை முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. விரைவில் முதிரும் இனங்களை முற்கூட்டியே விதைத்தல், நிரைகளுக்கிடையே இடைவெளியை அகலமாக்குதல், அடிக்கடி இடையுழவு செய்தல், உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி எரித்தல், அறுவடை முடிந்ததும் செடிகளை அழித்தல் ஆகியன பரிந்துரைக்கப்பட்டன. வண்டு பெருகுமுன் காய் முற்றிவிட வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. விஞ்ஞான நோக்கில் இவ்வறிவுரை சரியானதே.

1903 இல் சீமன் நாப் என்பார், ரெக்சாசின் ரெறல் நகரருகே வால்ற்றர் போர்ட்டர் என்ற கமக்காரரின் நிலத்தில் 70 ஏக்கரைச் செயல்விளக்கத்திற்குத் தெரிந்தெடுத்தார். புதுமுறையால் நட்டம் நேரின் ஈடுசெய்வதற்கென உள்ளூர் வணிகரும் வங்கியாளரும் ஏறத்தாழ 1000 டொலர் நிதி திரட்டினர். அந்நிதி தேவைப்படவில்லை, தமக்கு 700 டொலர் இலாபம் கிடைத்ததாகப் போர்ட்டர் அறிவித்தார். தன் கண்ணாற் கண்டதையே கமக்காரன் நம்புவான் என்பதற்குச் சான்றாக இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆனால் நம்பிக்கைக்கு முன்னரே காப்புறுதி அமைந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. புதுமுறையைப் போர்ட்டர் துணிந்து கைக்கொண்டபோது, அதன் நட்டத்தைப் பிறர் ஏற்றிருந்தனர். பருத்தி அழியின் தாம் கொடுத்த கடனும் அழியும் என்பதாலேயே வணிகரும் வங்கியாளரும் அதனை ஏற்றனர்.

வாரக்குடியின் நிலை இதற்கு முற்றிலும் மாறானது. நிலம், கோவேறு கழுதை, கலப்பை, விதை யாவும் நிலவுடைமையாளனுடையவை. விளைவிற் பாதியும் அவனுக்கே. அறுவடை வரையிலான உணவையும் உடையையும் குடியானவன் வருங்கால விளைச்சலை ஈடாக வைத்து, ரொக்க விலையினும் கூடிய கடன் விலைக்குப் பெற்றான். கடன் கொடுத்தவன் பருத்தியையே பயிரிடுமாறு வற்புறுத்தினான். பருத்தி எளிதிற் பழுதுறாது. எப்போதும் சந்தையிற் பணமாகும். யாவற்றுக்கும் மேலாக, அதனைப் பயிரிட்டவன் உண்ணவும் முடியாது. எனவே அவன் உணவுக்காக மீண்டும் கடைக்கே வருதல் வேண்டும்.

இத்தகையவனிடம் மேற்கூறிய அறிவுரை என்ன பொருளைப் பெறும்? இடையுழவுக்குரிய கழுதை அவனுடையதன்று. ஆண்டிறுதியில் வேறு நிலத்துக்குப் பெயரக்கூடிய அவனுக்கு, அடுத்த ஆண்டு வண்டைக் குறைப்பதற்காகச் செடிகளை அழிப்பது ஊதியமற்ற உழைப்பேயாகும். அவன் மறுத்தமை அறியாமையன்று. தன் நிலைமையை அறிந்தமையே அது.

அடிமையாகப் பிறந்து விஞ்ஞானியாக உயர்ந்த ஜோர்ஜ் வாஷிங்டன் காவர் இம்முரண்பாட்டின் நடுவே பணியாற்றியவர். அலபாமாவின் ரஸ்கீகி நிறுவனத்திற்கு 1896 இல் வந்த அவர், பருத்தியால் வளமிழந்த நிலத்தில் நைதரசனைச் சேர்க்கும் அவரையினப் பயிர்களையும், குடும்பத்துக்கு உணவாகும் வற்றாளையையும் பரிந்துரைத்தார். நிலக்கடலை பற்றிய அவரது புகழ்பெற்ற சிறுநூல் 1916 இல் வெளிவந்தது. 1906 இல் ‘ஜெசப் வண்டி’ எனும் நடமாடும் பள்ளி கறுப்பினக் கமக்காரரை நாடிச் சென்றது. அதே ஆண்டில் தோமஸ் காம்பெல் கறுப்பினத்தவருள் முதலாவது விவசாயப் போதனாசிரியராக நியமனம் பெற்றார். பணங்கொடுத்து வாங்கும் உரத்துக்குப் பதிலாகச் சேற்றுமண்ணையும் இலைகுழைகளையும் பயன்படுத்துமாறு காவர் கூறியமை, கையிற் பணமில்லாதவனை மனங்கொண்ட அறிவுரையாகும். இதனை வெறும் சீர்திருத்தவாதம் எனத் தள்ளுவது எம்மவர் சிலரிடம் காணப்படும் எளிமைப்படுத்தலேயாகும். ஆயினும் பயிர்மாற்றம் பரவலாக நிகழ வேண்டுமாயின் கடன் கொடுப்போர் இசைய வேண்டியிருந்தது. அலபாமாவின் என்ரபிறைஸ் நகர மக்கள் நிலக்கடலைக்கு மாறி வளம்பெற்றமைக்கு நன்றியாக 1919 இல் கூன்வண்டுக்கே நினைவுச்சின்னம் எழுப்பினர். அம்மாற்றத்தின் பின்னணியிலும் உள்ளூர் வங்கியாளர் ஒருவரின் கடனுதவி இருந்தது.

இவ்வுண்மையை மக்கள் தம் வழியில் அறிந்திருந்தனர். கூன்வண்டைப் பற்றி வழங்கிய நாட்டார் பாடல்கள் பல. 1929 இல் சார்லி பற்றன் அவற்றுளொன்றை இசைத்தட்டிற் பதிவுசெய்தார். இம்மரபில் வண்டு, குடியிருக்க இடம்தேடும் வீடற்ற பயணியாகவும் சித்திரிக்கப்படுகின்றது. விளைவைப் பறிப்போரென வண்டும் வணிகனும் அருகருகே நிறுத்தப்படுவதும் உண்டு. அறிக்கைகள் பூச்சியை மட்டுமே கண்ட இடத்தில் பாடல் உற்பத்தி உறவையும் கண்டது.

1914 இன் சிமித்–லீவர் சட்டம் இவ்வறிவுரைப் பணியை நாடளாவிய அரச சேவையாக்கியது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறு கல்லூரிகள் இருந்த மாநிலங்களில், நிதியை எக்கல்லூரி நிருவகிக்கும் என்பதை மாநிலச் சட்டசபை தீர்மானித்தமையால் அது வெள்ளையர் கல்லூரிகளின் கையிற் சிக்கியது. 1933 இல் விலையை உயர்த்தும் பொருட்டு 10 மில்லியன் ஏக்கர் வரையான பருத்தி உழுது அழிக்கப்பட்டபோது, அதனை ஊர்தோறும் நடைமுறைப்படுத்தியோர் பயிர்வளர்க்கக் கற்பித்த அதே அலுவலரே. நட்டஈடு பெரும்பாலும் நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். 1934 இல் ஆர்க்கன்சோவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒருங்கிணைந்து தென்மாநிலக் குடியானவர் சங்கத்தை அமைத்தமை இதற்கான எதிர்வினையாகும். விரிவாக்கச் சேவையில் நிலவிய இனப்பாகுபாட்டை 1965 இல் அந்நாட்டின் குடியுரிமை ஆணைக்குழுவே எடுத்துக்காட்டியது.

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிவு, விவசாய அறிவுரை பயனற்றது என்பதன்று. வண்டு உண்மை; அதனைத் தடுக்கும் வழியும் உண்மை. ஆயின் எதை விதைப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும், பிழைத்தால் நட்டத்தைத் தாங்கும் வலுவும் இல்லாதவனிடம் அறிவுரை கட்டளையாகவோ பழிச்சொல்லாகவோ முடிகின்றது. ஆதலின் எந்தவொரு விவசாயத் திட்டத்தை மதிப்பிடும்போதும், எத்துணைப் பேருக்குக் கற்பிக்கப்பட்டது என்ற வினாவோடு அமையாது, கற்றதைச் செய்யும் அதிகாரம் அவர்களுள் எத்துணைப் பேருக்கு இருந்தது என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.