உங்களுக்குத் தெரியுமா? ரெய்டு வந்தால் வெள்ளரி அழுகும்!

அமெரிக்கத் தோட்டங்களில் காய்கனி பறிக்கும் கூலித் தொழிலாளர்களில் 100-க்குச் சுமார் 40 பேரிடம் அங்கே வேலை செய்ய அனுமதியே கிடையாது! நாம் சொல்லவில்லை, அந்நாட்டு அரசின் கணக்கே சொல்கிறது!

அவர்களை விரட்டினால் என்ன ஆகும்? ஜார்ஜியா மாநிலம் 2011-ல் செய்தே பார்த்துவிட்டது! குடியேற்றக் கெடுபிடிச் சட்டம் வந்தது. பிடிபடும் பயத்தில் கூலியாட்கள் ஊரைக் காலி செய்தார்கள். அறுவடை நேரத்தில் சுமார் 11,000 இடங்களுக்கு ஆள் இல்லை!

ஆளுநர் நாதன் டீல் உடனே ஒரு வழி சொன்னார். நன்னடத்தைக் கண்காணிப்பில் உள்ள குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பலாமே! ஒரு வெள்ளரித் தோட்டத்தில் பந்தயமே நடந்தது. இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் பழகிய லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள். புது ஆட்கள் பறித்தது ஒரு லாரியும் நாலு பெட்டியும். பழகியவர்கள் பறித்தது? 6 லாரி! புது ஆட்களில் சிலர் பொழுது சாயும் முன்பே நடையைக் கட்டிவிட்டார்கள். வெள்ளரி பறிப்பதும் கைத்தேர்ச்சி வேண்டிய தொழில்தான் ஐயா!

இது புதுக்கதையும் அல்ல! மெக்சிகோவிலிருந்து கூலியாட்களை அழைத்துவந்த ‘பிராசெரோ’ திட்டம் 1942-ல் தொடங்கியது. 1964-ல் மூடுவதற்குள் கையெழுத்தான ஒப்பந்தங்கள் சுமார் 46 லட்சம்!

மூடிய மறுவருடமே பள்ளி விளையாட்டு வீரர்களை வயலில் இறக்கப் பார்த்தது அரசு! 20,000 பேர் வேண்டும் என்றார்கள். 18,000 பேர் பெயர் கொடுத்தார்கள். வயலுக்குப் போனவர்கள் 3,300 பேர்தான்! கலிபோர்னியா முலாம்பழத் தோட்டத்தில் 43 டிகிரி வெயில். பழத்தின் தோலோ உப்புத்தாள் மாதிரி. நாலே மணி நேரத்தில் கையுறை கிழிந்தது!

மெக்சிகோக்காரர்கள் போனால் உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி ஏறும் என்றார்களே? ஏறவே இல்லை என்றது 2018-ல் வெளியான ஆய்வு!

ஏறியது இயந்திரம்! தக்காளி பறிக்கும் இயந்திரத்தில் சாதாரணத் தக்காளி நசுங்கியது. இயந்திரத்தையா மாற்றினார்கள்? தக்காளியையே மாற்றினார்கள்! அடி தாங்கும், ஒரே நேரத்தில் பழுக்கும் புது ரகம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது!

ஸ்ட்ராபெர்ரிக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. இன்றும் கைதான் பறிக்கிறது!

சட்டப்படி ஆள் கொண்டுவர ‘எச்-2ஏ’ விசா இருக்கிறது. 2005-ல் ஒப்புதல் கிடைத்த பணியிடங்கள் சுமார் 48,000. 2023-ல்? 3,78,000!

ஆனால் மாட்டுப் பண்ணைக்கு அந்த விசா உதவாது! அது பருவ வேலைக்கு மட்டும். மாடோ வருடம் முழுக்கக் கறக்கிறது!

அமெரிக்கப் பால் பண்ணைத் தொழிலாளர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்! அவர்கள் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டால் பால் விலை எவ்வளவு ஏறும்? 90 சதவீதம்! டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2015-ல் போட்ட கணக்கு இது.

இத்தனைக்கும் கடையில் பழத்துக்கு நீங்கள் 1 டாலர் கொடுத்தால், பறித்த கைக்குப் போய்ச் சேருவது சுமார் 10 சென்ட்தான்!

2025 ஜூனில் தோட்டங்களில் குடியேற்ற ரெய்டு வேண்டாம் என்றது டிரம்ப் அரசு. சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் தூக்கிப் போட்டது!

அதே ஆண்டு அக்டோபரில் அந்த அரசின் தொழிலாளர் துறையே எழுதியது: குடியேற்றக் கெடுபிடியால் ஆள் குறைந்து உணவுத் தட்டுப்பாடு வரும் அபாயம் இருக்கிறது! எந்த ஆவணத்தில் தெரியுமா? எச்-2ஏ தொழிலாளர்களின் கூலியைக் குறைத்த அதே ஆவணத்தில்!