பள்ளி ஆண்டு நூல்

பள்ளி ஆண்டு நூல் என்பது ஒரு கல்வியாண்டில் பயின்ற மாணவர்களின் ஒளிப்படங்களையும் பெயர்களையும் அவ்வாண்டின் நிகழ்வுகளையும் பதிவு செய்யும் தொகுப்பு ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக வெளியிடப்படுகிறது. மாணவர்களின் கதை, கவிதை, கட்டுரைகளுக்கு இடமளிக்கும் தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டு மலர்களில் இருந்து இது வேறுபட்டது. நெடுங்காலம் அச்சில் மட்டும் வெளிவந்த இந்நூல்கள், 1990களில் இருந்து எண்ணிம வடிவிலும் வெளிவருகின்றன.

வரலாறு

1806 ஆம் ஆண்டு யேல் கல்லூரியில் வெளியான தொகுப்பு, தொடக்ககால ஆண்டு நூல்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாணவர்கள் ஒளிப்படங்களைத் தனித்தனியே வாங்கித் தொகுப்பேடுகளில் சேர்த்தனர். 1880களில் புள்ளிகளால் ஒளிப்படங்களை அச்சிடும் முறை வந்தபின், எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் குறைந்த செலவில் அச்சிட முடிந்தது.

அச்சு வடிவம்

பெரிய தாள்களில் அச்சிட்டு மடிக்கப்படுவதால், நூலின் பக்கங்கள் பொதுவாக 16 பக்க ஃபாரங்களாக அமைகின்றன. பக்க எண்ணிக்கையை முன்னரே உறுதி செய்ய வேண்டும். கல்வியாண்டு முடிவதற்குள் நூலை வழங்கும் பள்ளிகளில், பட்டமளிப்பு விழா போன்ற இறுதி நிகழ்வுகள் விடுபடுகின்றன. அல்லது தனி இணைப்பாக அச்சிடப்படுகின்றன. அச்சான பிறகு பெயர்ப் பிழைகளைத் திருத்த இயலாது. நண்பர்கள் கைப்பட வாழ்த்தெழுதிக் கையொப்பமிடுவது அச்சு நூலின் தனித்தன்மை ஆகும்.

எண்ணிம வடிவம்

எண்ணிம நூலில் ஒலி, நிகழ்படம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். பெயரைக் கொண்டு தேடலாம். பிழைகளைப் பின்னரும் திருத்தலாம். படி எண்ணிக்கை கூடுவதால் அச்சுச் செலவு ஏற்படுவதில்லை.

நிலைத்தன்மை

அச்சு நூலின் படிகள் பல வீடுகளிலும் நூலகங்களிலும் பரவியிருப்பதால், ஒரு படி அழிந்தாலும் மற்றவை எஞ்சுகின்றன. எண்ணிம நூலோ கோப்பு வடிவத்தையும் அதைத் திறக்கும் மென்பொருளையும் சார்ந்துள்ளது. அடோபி ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 திசம்பர் 31 உடன் முடிவடைந்ததால், அதைக் கொண்டு உருவாக்கப்பட்ட புரட்டு நூல்கள் வழமையான உலாவிகளில் இயங்குவதில்லை. வழங்கியில் மட்டும் உள்ள நூல், அச்சேவை நிறுத்தப்பட்டால் முழுமையாக மறையக்கூடும். இதனால் சில பள்ளிகள் இரு வடிவங்களிலும் வெளியிடுகின்றன.

தனியுரிமை

பள்ளி அளவில் மட்டும் புழங்கிய படங்கள், இணையத்தில் ஏற்றப்பட்டால் எவரும் தேடிப் பெறக்கூடியவை ஆகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் 1974 ஆம் ஆண்டுக் கல்வித் தனியுரிமைச் சட்டத்தின்படி, பெயர், ஒளிப்படம் போன்ற விபரங்களைப் பள்ளி முன்னறிவிப்புடன் வெளியிடலாம். பெற்றோர் அதற்கு மறுப்புத் தெரிவிக்கலாம்.