செத்த காலேஜ் எங்கலே இருக்கு?

அம்மா செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கியபோது ஒரு கையில் கட்டைப்பை, ஒரு கையில் ஊன்றுகோல். பைக்குள் கருப்பட்டியும் கைமுறுக்கும். மனசுக்குள் ஒரு பட்டியல். அது அறுபது வருஷப் பழசு. செத்த காலேஜ், உயிர் காலேஜ், எல்.ஐ.சி., பீச்சு. "இந்த நாலையும் காட்டிட்டு என்னைய ஊருக்கு ஏத்தி விட்ரு" என்றாள்.

இளைய வாசகர்களுக்கு இந்தப் பெயர்கள் விளங்காமல் போகலாம். ரயிலேறிப் பட்டணம் பார்க்க வந்த அந்தக் காலத்துச் சனங்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலை, உயிர் காலேஜ். முதலில் சொன்ன ஆள் யாரோ, அவருக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். 'அருங்காட்சியகம்', 'உயிரியல் பூங்கா' என்று நாம் பிற்பாடு செய்துகொண்ட சொற்களைவிட இவை வேலையைச் சுத்தமாகச் செய்கின்றன. போதாததற்குக் காலேஜ் என்ற மரியாதை வேறு.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. 1966 கோடையில், ஒன்பது வயதில், தாத்தா அவளை மட்டும் மெட்ராஸுக்குக் கூட்டி வந்திருக்கிறார். மற்ற நான்கு பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டு வந்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் நாலைந்து காரணங்கள் உலவுகின்றன. அதன்பிறகு நான் வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. அம்மாவும் மூன்று முறை வந்திருக்கிறாள். ஒரு கல்யாணம், என் மனைவியின் பிரசவம், ஒரு கண் ஆபரேஷன். மூன்று முறையும் மண்டபம், ஆஸ்பத்திரி, வீடு என்று இருந்துவிட்டு ரயிலேறிவிட்டாள். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இந்தத் தடவைதான் வாய்விட்டுக் கேட்டாள்.

லீவு போட்டுக்கொண்டு மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். கேட் சாத்தியிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை என்பது நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். "இருவது வருசமா இங்கதான கெடக்க, இது தெரியாதாலே?" என்றாள். சத்தமாகத்தான் கேட்டாள். ஆட்டோக்காரர் சிரித்தார். (இதே பாடத்தை நீங்களும் படிக்க வேண்டாம்: கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள், வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை.)

"சரி, அப்ப உயிர் காலேஜுக்குப் போவோம். இந்தா, சென்ட்ரல் பக்கத்துலதான" என்றாள். அது வண்டலூரில், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று விளக்கினேன். குழந்தைக்குச் சொல்கிற குரலில்தான் சொல்லியிருப்பேன். அவள் விடவில்லை. "மார்க்கெட்டுக்குப் பின்னாலடா. கிளி வித்தாவ, பழைய புஸ்தகம் வித்தாவ. அதத் தாண்டிப் போனா புலி."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "அம்மா சொல்றதுதான் கரெக்ட் சார். மூர் மார்க்கெட் பின்னாடி. சின்ன வயசுல நானே பாத்துக்கிறேன்."

கரெக்ட்தான். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். மியூசியம் தொடங்கியது 1851. அதன் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் கூடுகிறது என்று கண்டுகொண்டு, கர்நாடக நவாபிடமிருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கி, 1855-இல் மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கிவிட்டார். ஆக, செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஆரம்பத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தவை. சில வருஷத்தில் மிருகங்கள் சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின. அங்கே நூறு வருஷத்துக்கும் மேல் இருந்தன. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருஷம் ஜூலையில் வண்டலூர் திறந்தது. ஒரே கோடையில் அம்மாவின் கிளியும் புத்தகமும் புலியும் சென்ட்ரலை விட்டுப் போய்விட்டன. மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். அந்தக் கட்டடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். எத்தனையோ நாள் அங்கே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்திருக்கிறேன், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை, செத்த காலேஜ் எங்களை உள்ளே விட்டது. திமிங்கில எலும்புக்கூட்டைத் தாத்தா தோளில் தூக்கிவைத்துக் காட்டிய கதையை அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவளை வெண்கலச் சிலைகளுக்கு இழுத்துக்கொண்டு போனேன். திருவாலங்காட்டு நடராசரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியக் கண்ணாடிக்குள்ள வச்சு வெளக்கு இல்லாம நிறுத்திருக்காவளே" என்றாள். அமராவதிச் சிற்பங்களை மரியாதைக்காகப் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய மண்பானை முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

"இது நம்மூருப் பானைலா?"

பலகையில் ஆதிச்சநல்லூர் என்று எழுதியிருந்தது. தாமிரபரணிக் கரையில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டியெடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டியவை மெட்ராஸுக்கு வந்தன: தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், செத்தவர் நெற்றியில் கட்டிய பொன் பட்டம். ஊரில் அந்த மேட்டைப் பரம்பு என்பார்கள். நூற்றுப் பதினாலு ஏக்கர். ஆடு மேய்க்கப் போனவர்கள் காலில் ஓடு இடறிய கதைகளை அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"நீ போய்ப் பாத்திருக்கியாம்மா?"

"பொணம் பொதச்ச எடத்துக்கு எவளாவது போவாளா?"

இப்போது அங்கேயே குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டு, நின்று பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். அதையும் அவள் பார்க்கவில்லை. பக்கத்து ஊர்த் தாழியைப் பார்க்க எழுநூறு கிலோமீட்டர் ரயிலில் வந்திருக்கிறாள். நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை வாங்கியது நினைவில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இடத்தில் கால் மணி நேரம் நின்றிருப்போம். உட்கார ஒரு பெஞ்சு கிடைத்திருந்தால் இன்னும் நின்றிருப்போம் என்று சொல்ல வந்தேன், உட்கார்ந்திருப்போம். பெற்றவர்களோடு ஊர் சுற்றக் கிளம்பினால்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரிகிறது. நகரத்தின் எந்த மூலையில் நிழல் இருக்கிறது, எந்தக் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த நடைமேம்பாலத்துக்கு எத்தனை படி. ஒரு ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டர் நின்றுபோய்க் கிடந்தது. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. ஓடுகிற படியில் சேலை முந்தி மாட்டிக்கொள்ளும் என்ற பயம் அவளுக்கு. நின்றுபோன படியில்தான் நிம்மதியாக ஏறினாள்.

வண்டலூரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 602 ஹெக்டேர். பேட்டரி கார் இருக்கிறது, பெரியவர்களோடு போகிறவர்கள் அதற்கு முதலில் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். புலி அகழிக்கு அந்தப்பக்கம் வெகுதூரத்தில் படுத்திருந்தது. "அப்ப கம்பிக்குப் பக்கத்துலயே நின்னுச்சு, நாத்தம் குடலப் புடுங்கும்" என்றாள் அம்மா. இப்போது அதற்கு ஓட இடம் இருக்கிறதே என்றேன். "அதுக்கு நல்லதுதான். நமக்குத்தான் தெரியமாட்டேங்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் கண்ணயர்ந்துவிட்டாள்.

பீச்சில் கலங்கரை விளக்கத்தைக் காட்டியபோது மறுபடியும் ஆரம்பித்தாள். "வெளக்கு கோர்ட்டு மேலல்லா இருந்துது?" கோர்ட்டு மேல் எப்படியம்மா விளக்கு இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். மூர் மார்க்கெட் ஞாபகம் வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். 1894-இலிருந்து ஐகோர்ட் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில்தான் விளக்கு எரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் அதே வளாகத்தில் தனித் தூண். அதற்கும் முன்னால் கோட்டைக்குள், இன்றைக்குக் கோட்டை மியூசியமாக இருக்கிற கட்டடத்தின் மேல். மெரினாவின் இந்தச் சிவப்பு வெள்ளைக் கோபுரம் 1977-இல் வந்த நான்காவது விளக்கு. பாதுகாப்புக் காரணத்தால் நெடுநாள் மூடிக் கிடந்து, 2013-இல் குழந்தைகள் தினத்தன்று திரும்பத் திறந்தார்கள். லிஃப்ட் உண்டு. மேலே போய்ப் பார்த்தோம். அம்மா கடலைப் பார்க்கவில்லை. வடக்கே திரும்பிக் கோர்ட்டைத்தான் தேடினாள்.

கடல் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "நம்ம திருச்செந்தூர்லயுந்தான் கெடக்கு." அவள் ஆச்சரியப்பட்டது ஐஸ் ஹவுஸைப் பார்த்துத்தான். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். 1897-இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். ஆனால் கட்டியது சாமியாருக்காக இல்லை. 1842-இல், பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியை இறக்கிவைக்கக் கட்டிய கிடங்கு அது. இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் வியாபாரம் படுத்துவிட்டது.

"கப்பல்ல வரும்போது உருகாதாலே?"

"உருகினது போக மிச்சத்த வித்தாங்கம்மா."

"அப்படியும் லாபமா!" என்று வாயில் கைவைத்தாள். கருப்பட்டி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். தேய்மானக் கணக்கு அவளுக்குத் தெரியும். அன்று முழுக்க அந்த டியூடரைப் பற்றியே பேசினாள்.

இல்லத்துக்கு நேர் எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மணலில் போட்ட மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் உடைத்தது, பிறகு செப்பனிட்டார்கள். ஊன்றுகோலோடு மணலில் நடக்க முடியாத அம்மா அதன் நுனிவரை போனாள். பொருட்டே இல்லாத கடலுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். மாங்காய் புளிக்கவில்லை என்று குறை சொன்னாள்.

எல்.ஐ.சி.யைக் கடைசியாக வைத்திருந்தோம், ஊருக்குத் திரும்புகிற அன்று. சினிமாவில் மெட்ராஸ் வந்துவிட்டது என்று காட்ட அந்தக் கட்டடம் ஒன்று போதும். 1959-இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது, 14 மாடி. மவுண்ட் ரோட்டில் எதிர்ப்பக்கம் நின்றோம். இன்றைக்கு இந்த நகரத்தில் என் அலுவலகமே அதைவிட உயரம். ஏமாந்துபோவாள் என்று பயந்தேன்.

அவள் ஏமாறவில்லை. ஊன்றுகோலை என் கையில் கொடுத்துவிட்டு, விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ணத் தொடங்கினாள்.

"என்னம்மா?"

"எங்கய்யா எண்ணும்போது பாதியில பஸ்சு வந்து மறச்சிட்டு. பெறவு நேரமாச்சுன்னு கூட்டிட்டுப் போய்ட்டாவ. பதினாலான்னு பாக்கணும்."

ஒன்பதாவது மாடியில் இருந்தபோது ஒரு 'டீலக்ஸ்' பஸ் வந்து எங்களுக்கு நேராக நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அம்மா பொறுமையாக நின்றாள். பஸ் நகர்ந்ததும் முதல் கணுவில் கட்டைவிரலை வைத்தாள்.

"நீயும் எண்ணுலே" என்றாள்.