செவிலியர் கற்கும் கணக்குப் பாடம்

பொது சுகாதாரம் என்றவுடன் நம்மில் பலருக்கு ஊசியும், மாத்திரையும், கொசு மருந்து அடிக்கும் புகையுமே நினைவுக்கு வரும். நோட்டுப் புத்தகம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் ஓர் ஊரில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, அவர்களுள் எத்தனை பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது, எந்தத் தெருவில் காய்ச்சல் கூடுகிறது என்று எழுதி வைக்காவிட்டால் ஊசியை யாருக்குப் போடுவது? புகையை எங்கே அடிப்பது? மக்கள் நலம் பற்றிய செய்திகளைத் திரட்டி, கணிப்பொறியில் ஏற்றி, அவற்றைக் கொண்டு முடிவு செய்யும் துறைக்குப் பொது சுகாதாரத் தகவலியல் என்று பெயர். பெயர்தான் நீளம். வேலையோ நம் தெருவுக்கு வரும் நர்சம்மாவின் கைப்பையிலிருந்து தொடங்குகிறது. அவர்கள் இதை எங்கே, எப்படிக் கற்கிறார்கள் என்பதையே இங்கு எழுத விரும்புகிறோம்.

இந்தத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்தவரே. கையில் விளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையாரை எல்லாப் பாடநூல்களும் புகழ்கின்றன. அவர் கணக்கிலும் வல்லவர் என்பதை ஏனோ அதிகம் சொல்வதில்லை. 1854-இல் போர்க்கள மருத்துவமனைக்குச் சென்ற அவர், காயத்தால் இறந்த வீரரைவிட நோயால் இறந்தவரே அதிகம் என்பதை 1858-இல் ஒரு வட்டப் படத்தால் விளக்கிக் காட்டினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆயினும் இங்கிருந்த படை முகாம்களுக்கெல்லாம் அச்சிட்ட கேள்வித்தாள்களை அனுப்பி விடைகளை வரவழைத்தார். 1863-இல் வெளியான அறிக்கைக்கு அவை அடிப்படையாயின. கேள்வி சரியாக இருந்தால் கடல் கடந்தும் உண்மை வரும் போலும்!

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டிலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இத்தகைய சட்டம் அதுவே முதல். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே கிராம சுகாதார செவிலியர் இருப்பார். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது நம் வீட்டுப் பாட்டிமார்க்கும் மனப்பாடம்.

ஒரு பெண் கருவுற்றதும் அவர் பெயரைச் செவிலியர் 'பிக்மி' என்னும் கணிப்பொறிப் பதிவில் சேர்க்கிறார். உடனே 12 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். பரிசோதனை, பிரசவம், குழந்தையின் தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணின் கீழ் வரிசையாக எழுதப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் அந்த எண் வேண்டும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். நம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் முடிந்த துணியைக் கட்டாகக் கட்டி, லாட் எண்ணும் சைஸும் எழுதிய சீட்டை வைப்பார்கள் அல்லவா? சீட்டு தொலைந்தால் அந்தக் கட்டு எந்த ஆர்டருக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. துணியானால் ஓரமாகப் போட்டு வைக்கலாம். குழந்தையை அப்படிப் போட முடியுமா?

திருப்பூரில் இந்தச் சீட்டு தொலைவது எளிது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் இங்கே தையலுக்கும் செக்கிங்கிற்கும் வருகிறார்கள். லைன் வீடுகளில் தங்குகிறார்கள். ஆர்டர் குறைந்தால் வேறு கம்பெனிக்கு மாறுவார்கள், வீடும் மாறும், கைப்பேசி எண்ணும் மாறிவிடும். பகலில் செவிலியர் வந்தால் வீடு பூட்டியிருக்கும். சொந்த ஊரில் பதிந்த ஒரு தாய் இங்கு வந்து மீண்டும் பதிந்தால் கணக்கில் ஒருவரே இருவராகிறார். இரண்டு இடத்திலும் பதியாதவரோ கணக்கிலேயே இல்லை. குடிமதிப்பில் பெயர் எழுத நிறைமாதத்தில் பெத்லகேமுக்கு நடந்த அன்னை மரியாளை நாம் டிசம்பர் தோறும் மேடையில் நடித்துக் காட்டுகிறோம். இங்கேயோ எழுதுகிற நோட்டுதான் தாயைத் தேடி நடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எழுதுகிறவர்க்குப் பயிற்சி தேவை. திண்டுக்கல் அருகே அம்பாத்துறையில் 1964 முதல் இயங்கும் காந்திகிராம ஊரக சுகாதார நிறுவனம் இத்தகைய பணியாளர்க்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் 2001 முதல் டாக்டர்கள் இரண்டாண்டு படிக்கிறார்கள். அவர்களது படிப்பில் பெரும்பகுதி வகுப்பறையில் நடப்பதன்று. சொந்த மாவட்டத்தில் நோய் பரவும் இடத்துக்குப் போய் எண்ணுவதே பாடம்.

நர்சுகளுக்கு எப்படிப் பாடம் நடக்கிறது என்று அறிய எங்கள் வகுப்பில் நால்வர், எங்கள் பகுதிக்கு வரும் செவிலியர் அக்காவைப் பார்த்துப் பேசினோம். அவர் கடைசியாகச் சென்ற பயிற்சி இரண்டு நாள் நடந்ததாம். காலையில் விரிவுரை, மதியம் ஆளுக்குப் பத்துக் கற்பனைத் தாய்மாரின் விவரத்தைக் கொடுத்துப் பதியச் சொன்னார்களாம். ஒரே பெண்ணை 'சுனிதா' என்றும் 'சுனீதா தேவி' என்றும் இரண்டு தாளில் எழுதி, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தார்களாம். கடைசி மாதவிலக்குத் தேதியோடு 280 நாள் கூட்டினால் பிரசவ நாள் வரும். அந்தத் தேதியை ஒரு மாதம் தவறாக எழுதினால் குறைமாதப் பிள்ளைக்கும் நிறைமாதப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். இதற்கு மட்டும் ஒரு முழு மணி நேரம் செலவிட்டார்களாம். அது நியாயமே.

எங்களுக்கு மிகவும் பிடித்த பாடம் பூஜ்யத்தைப் பற்றியது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள் உண்டு. அறிகுறியை மட்டும் பார்த்துச் செவிலியர் எழுதுவது எஸ். டாக்டர் எழுதுவது பி. பரிசோதனைக் கூடம் எழுதுவது எல். ஒரு காய்ச்சல்கூட இல்லாவிட்டாலும் பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும். "பூஜ்யம்னா நான் போய்ப் பார்த்தேன், இல்லைன்னு அர்த்தம் கண்ணு. காலியா விட்டா நான் போகவே இல்லைன்னு அர்த்தம்" என்றார் அக்கா. கணக்கு டீச்சர் ஆறாம் வகுப்பில் சொன்னபோதுகூட எங்களுக்குப் பூஜ்யம் இவ்வளவு விளங்கவில்லை.

விகிதத்திலும் வேடிக்கை உண்டு. ஒரு பகுதியில் 100 குழந்தைகள் என்று பழைய கணக்கு இருக்க, வெளியூரிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து 120 பேருக்கு ஊசி போட்டால் 120 சதவீதம் என்று வரும். கைதட்டத் தோன்றும். உண்மையில் அங்கே 150 குழந்தைகள் இருந்தால் 30 பேருக்கு ஊசியே இல்லை. அந்த முப்பது பேர் யார்? பெரும்பாலும் லைன் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

அக்காவுக்கு ஒரு குறையும் உண்டு. பாடம் தமிழில் நடந்தாலும் திரையில் வந்ததெல்லாம் ஆங்கிலமாம். பதிவேட்டிலும் எழுதி, கணிப்பொறியிலும் ஏற்ற வேண்டியிருப்பதால் இரவு ஒன்பது மணிக்கும் வீட்டில் அந்த வேலையே நடக்கிறதாம். கற்பிக்கிறவர்கள் ஒரு நாள் அவருடன் தெருவில் நடந்துவிட்டுப் பாடம் தயாரித்தால் நன்றாயிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

முன்பே கற்று வைத்திருந்தால் என்ன பயன் என்பதற்கு அண்டை நாடான இலங்கையைப் பார்க்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகம் 2009-இல் டாக்டர்களுக்காகவே மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 'டி.எச்.ஐ.எஸ். 2' என்னும் இலவச மென்பொருளையும் அங்கே பழகினார்கள். அதன் வேர் தென்னாப்பிரிக்காவில்; வளர்த்தது நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகம். 2020 ஜனவரி இறுதியில் இலங்கையில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட அந்த நாட்களிலேயே, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து பின்தொடரும் முறையை அந்த மென்பொருளில் அமைத்துவிட்டார்கள். அதைப் பின்னர் வேறு பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. பெரிய நாடுகள் திகைத்து நின்றபோது சின்னத் தீவு முந்திக்கொண்டதற்குக் காரணம், பத்தாண்டுக்கு முன் தொடங்கிய வகுப்பறைதான்.

நம் நாட்டிலும் 2024-இல் 'யூ-வின்' என்னும் பதிவு முறை நாடெங்கும் தொடங்கப்பட்டது. கருவுற்ற தாய்மாரின் தடுப்பூசியும், பிள்ளைகளின் தடுப்பூசியும் அதில் ஏறும். ஒடிசாவில் முதல் ஊசி போட்ட குழந்தைக்கு அடுத்த ஊசியைத் திருப்பூரில் போட இதனால் வழி உண்டு. ஆனால் அதற்கும் பெயரையும், தேதியையும், கைப்பேசி எண்ணையும் சரியாகக் கேட்டு எழுத வேண்டுமே! அடுத்த பயிற்சியில் என்ன கற்றுத்தர வேண்டும் என்று அக்காவிடம் கேட்டோம். கணிப்பொறியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "உன் பேரென்ன, குழந்தை எப்போ பொறந்துச்சு, கடைசியா எங்க ஊசி போட்டே, இந்த மூணு கேள்வியையும் ஒடியாவிலயும் இந்தியிலயும் சொல்லிக் குடுத்தாப் போதும்" என்றார். இப்போதைக்கு லைன் வீட்டில் இருக்கும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி புதன்கிழமை தோறும் அவருக்கு அதைச் சொல்லித் தருகிறாளாம்.