மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

காரின் முன்பலகையில், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன எஞ்சின் படம் திடீரென எரிகிறது. பார்த்தவுடன் இரண்டு பயங்கள் வரும். வாகனம் வழியில் நின்றுவிடுமோ என்பது ஒன்று. கராஜில் எவ்வளவு கேட்பார்களோ என்பது மற்றொன்று. முதலாவது பயம் பெரும்பாலும் தேவையற்றது. இரண்டாவது பயத்தில் நியாயம் இருக்கிறது. உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் நான் இதை எழுதுவதும் அந்த இரண்டாவது பயத்துக்காகத்தான்.

2020இல் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களையே பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினோம். எங்கள் வீட்டுக் காரைப் போல பத்து, பதினைந்து வருடங்களைத் தாண்டியவை எல்லா ஊரிலும் ஓடுகின்றன. அவற்றில் இந்த விளக்கு எரியாத வீடு குறைவு.

இந்த விளக்கு பிறந்தது எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக அல்ல, காற்றைக் காப்பாற்றுவதற்காக. லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் வாகனப் புகையால் மூச்சுத் திணறியதால் கலிபோர்னியா மாநிலம் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒரு வாகனம் தன் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளைத் தானே கவனித்து, பழுது வந்தால் ஓட்டுபவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பின்னர் 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான முறை கட்டாயமாயிற்று. ஒரே வடிவமான 16 ஊசிச் சொக்கெட், ஒரே மாதிரியான கோட் இலக்கங்கள். ஐரோப்பாவும் ஜப்பானும் அதே வழியில் வந்தன. கொஞ்சம் பிந்திய ஜப்பான் கார் ஒன்றில் ஸ்டியரிங்கின் கீழே, முழங்காலுக்கு மேலே கையை விட்டுத் தடவினால் அந்தச் சொக்கெட் தட்டுப்படும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குவளைப் படமோ வெப்பமானிப் படமோ எரிந்தால் வாகனத்தை உடனே ஓரமாக்கி எஞ்சினை நிறுத்த வேண்டும். அங்கே ஒரு நிமிடத் தாமதமே எஞ்சினைத் தின்றுவிடும். மஞ்சள் எஞ்சின் விளக்கு அப்படியல்ல. அது அசையாமல் எரிந்து, வாகனமும் வழமைபோல் ஓடினால், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஆறுதலாகப் பார்க்கலாம். ஆனால் விளக்கு சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெற்றோல் புகைக்குழாயில் உள்ள ஊக்கிப் பெட்டிக்குள், அதாவது கராஜ்களில் ‘கெட்டலிட்டிக் கன்வேட்டர்’ என்று சொல்லப்படும் பகுதிக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பிளாற்றினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட பகுதி அது. சிமிட்டும் விளக்கோடு ஓட்டுவது சின்னச் செலவைப் பெரிய செலவாக மாற்றும் வேலை.

எங்கள் காருக்கு அப்படித்தான் நடந்தது. அது 1000 சீசீ டொயோட்டா விட்ஸ், மூன்று சிலிண்டர். மாதம் ஒருமுறை உம்மும்மாவை மாவனல்லையிலிருந்து கண்டிக்கு கிளினிக் கொண்டுபோவது அதில்தான். கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் குலுங்கத் தொடங்கியது, விளக்குச் சிமிட்டியது. உம்மா மெதுவாக ஓரமாக்கினார். மற்றொரு வாகனம் பிடித்து உம்மும்மாவை அனுப்பிவிட்டு, காரை ஒரு கராஜுக்குக் கட்டியிழுத்தோம். அங்கே பாஸ் பார்த்துவிட்டு, கன்வேட்டரும் போய்விட்டது, எஞ்சின் கம்பியூட்டரும் மாற்ற வேண்டும், எல்லாமாக 2,40,000 ரூபா ஆகும் என்றார். ராத்தாவின் பல்கலைக்கழக விடுதிக்கென்று உம்மா சேர்த்து வைத்திருந்த காசு கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

“என்ன கோட் வந்திச்சு?” என்று கேட்டேன்.

“கோட் எல்லாம் ஒங்களுக்கு விளங்காது மகள்” என்றார்.

மாமா கட்டாரில் பல வருடங்கள் வாகனத் திருத்துமிடத்தில் வேலை செய்தவர். அவரிடம் புளூடூத் ஸ்கேனர் ஒன்று இருந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது; சில ஆயிரம் ரூபாவுக்கு இங்கேயும் கிடைக்கிறது. அதைச் சொக்கெட்டில் செருகி, சாவியை எஞ்சின் இயங்காத நிலைவரை திருப்பி, தொலைபேசியில் உள்ள செயலியோடு இணைத்தால் கோட் தெரியும். எங்களுக்கு வந்தது பி 0302.

இதை வாசிப்பது கடினமில்லை. ‘பி’ என்ற எழுத்து எஞ்சினையும் கியர்பெட்டியையும் குறிக்கும். அடுத்த 0 என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட் என்பதைக் காட்டும்; அங்கே 1 இருந்தால் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்தக் கோட். அதற்கடுத்த இலக்கம் எந்தப் பகுதி என்று சொல்லும்: 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் எரிபற்றல், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. ஆக பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் எரிபற்றல் தவறுகிறது. கம்பியூட்டர் பழுது என்றோ கன்வேட்டர் பழுது என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

“கோட் நோய்ட பேரு இல்ல, எங்க நோவுதெண்டு மட்டும்தான் சொல்லும்” என்றார் மாமா. இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வரியை நினைவில் வைப்பதென்றால் அதை வையுங்கள். இரண்டாவது சிலிண்டர் எரியாமலிருக்க பிளக் காரணமாகலாம், அதற்குத் தீப்பொறி கொடுக்கும் கொயில் காரணமாகலாம், பெற்றோல் தூவும் இன்ஜெக்டர் காரணமாகலாம், சில வேளை சிலிண்டரின் அமுக்கமே குறைந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது கோட்டுக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை.

கோட்டோடு இன்னொன்றும் சேமிக்கப்படுகிறது. பழுது பதிவான கணத்தில் எஞ்சின் இருந்த நிலையைக் கம்பியூட்டர் ஒரு படம்போல எடுத்து வைக்கும். எங்கள் காரில் வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர், சுழற்சி 3,400, சுமை 86 வீதம், குளிராக்கி நீர் 91 பாகை என்றிருந்தது. அதாவது சூடான எஞ்சின், ஏற்றம், நிறைய அழுத்தம். பலவீனமான கொயில் முதலில் கைவிடுவது இப்படிச் சுமை கூடும் இடத்தில்தான். மாமா அந்தத் திரையைப் படமெடுத்து வைத்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கினார்.

எஞ்சின் ஆறியதும், இரண்டாவது சிலிண்டரின் கொயிலையும் மூன்றாவதின் கொயிலையும் கழற்றி ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினோம். ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது 10 மில்லிமீற்றர் ஆணி ஒன்றுதான். மூன்றாவதை நானே பூட்டினேன். கோட்டை அழித்துவிட்டு ஒழுங்கையில் இரண்டு தடவை ஓட்டினோம். புதிய கோட் பி 0303. பழுது கொயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது! பழுது இரண்டாம் சிலிண்டரிலேயே நின்றிருந்தால், அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்த்திருப்போம். அதன் பிறகு இன்ஜெக்டர். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது.

வாப்பா கொழும்புக்குப் போன நாளில் பஞ்சிகாவத்தையில் பாகத்தின் இலக்கத்தைக் காட்டி ஒரு கொயில் வாங்கி வந்தார், 9,500 ரூபா. அந்த நான்கு நாளும் காரை வெளியே எடுக்கவில்லை. கன்வேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

எல்லாக் கோட்டும் இவ்வளவு இலகுவாக வழிக்கு வராது. பி 0171 என்றொன்று அடிக்கடி வரும். எரிகலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு என்பது பொருள். இதைச் சொன்னது ஒட்சிசன் சென்சர் என்பதால் அதையே மாற்றிவிடுகிற வழக்கம் உண்டு. செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பது போல! எஞ்சினுக்குள் அளக்கப்படாத காற்று எங்கோ புகுகிறது என்பதே பெரும்பாலும் உண்மை: வெடித்த றப்பர்க் குழாய், அழுக்கேறிய காற்று அளவி, சேர்விஸ் முடிந்து சரியாகப் பூட்டப்படாத ஏயர் ஃபில்டர்ப் பெட்டி. ஸ்கேனரில் ‘ஃபியுவல் டிரிம்’ என்ற இலக்கத்தைப் பாருங்கள். கம்பியூட்டர் எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டிச் சமாளிக்கிறது என்று அது காட்டும். நின்ற இடத்தில் இயங்கும்போது இலக்கம் உயர்ந்து, சுழற்சியைக் கூட்டினால் குறைந்தால், காற்றுக் கசிவைத் தேடுங்கள். சுமை கூடக்கூட இலக்கமும் கூடினால், பெற்றோல் பம்பையோ காற்று அளவியையோ சந்தேகியுங்கள்.

பணம் அதிகம் பறிபோவது பி 0420இல். ஊக்கிப் பெட்டியின் வேலைத்திறன் குறைந்துள்ளது என்று அது சொல்கிறது. உடனே புதுக் கன்வேட்டருக்கு விலை சொல்லப்படுகிறது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் புகைக்குழாயில், சென்சருக்கு அருகே, ஒரு சிறு கசிவு இருந்தாலும் இதே கோட் வரும். பெட்டிக்குப் பின்னால் உள்ள சென்சரின் வாசிப்பு சூடான எஞ்சினில் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். அது ஓயாமல் ஏறி இறங்கினால்தான் பெட்டியில் குறை இருக்க வாய்ப்பு. அதற்கும் மேலே, பெட்டியைக் கெடுத்தது எது என்று கேட்க வேண்டும். எரிபற்றல் தவறுதலையோ எண்ணெய் எரிவதையோ சரிசெய்யாமல் புதுப் பெட்டியைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

கோட்டை அழித்தால் விளக்கு அணையும். பழுது அப்படியே இருக்கும். கூடவே, நான் மேலே சொன்ன அந்தப் ‘படமும்’ அழிந்துவிடும். ஆகவே குறித்து வைக்காமல் அழிக்க விடாதீர்கள். பழுது உண்மையில் நீங்கியிருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தென்படாதபோது விளக்கு தானாகவே அணைந்துவிடும். பாவித்த கார் வாங்கப் போகும் பெற்றோருக்கு இது உதவும். சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். ஸ்கேனரில் சுயபரிசோதனைகள் பல ‘முடிவடையவில்லை’ என்று காட்டினால், அண்மையில் கோட் அழிக்கப்பட்டிருக்கிறது அல்லது பற்றரி கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கராஜ்காரர் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பழுதைக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலை, அதற்கு நேரம் போகும், அதற்கான கூலியைத் தனியாகக் கொடுப்பதுதான் முறை. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்தால், அவர் ஊகித்து மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் நாம்தான் விலை கொடுப்போம். கோட் இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தச் சோதனையால் இந்தப் பாகம் என்று தெரிந்தது எனக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாங்கி வாருங்கள். நல்ல பாஸ் ஒருவர் இவற்றுக்குக் கோபிக்க மாட்டார். எங்கள் மாமா இப்படிக் கேட்பவர்களைத்தான் விரும்புவார்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அவற்றின் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் ஓடுகிறது. அதில் கை வைப்பது அதற்கெனப் பயிற்சி பெற்றவரின் வேலை. கோட் வாசிப்பதற்கு அந்தப் பக்கமே போகத் தேவையில்லை. அந்தக் கார்களிலும் சொக்கெட் ஸ்டியரிங்கின் கீழேதான்.