வந்த விருந்தாளிக்கு முதல் நாளே சொல்லி விடுங்கள்

2009இல் யுத்தம் முடிந்து ஏ-9 பாதை வழமைக்குத் திரும்பியது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவியும் மீண்டும் யாழ்ப்பாணம் வரை வந்தது. அதன் பின்னர் வடக்கைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளில் ஒரு பகுதியினர் நகரத்து ஹோட்டல்களை விட்டுக் கிராமத்தில், பனைகளுக்கு நடுவே, ஒரு குடும்பத்தின் வளவில் தங்கவே விரும்புகிறார்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு இது ஒரு நல்ல வருமான வழி. வளவுக்குள் ஓர் அறை, சுத்தமான மலசலகூடம், மூன்று வேளைச் சாப்பாடு இருந்தால் தொடங்கி விடலாம்.

அறைக்குச் சீமெந்து பூசுகிறோம், கட்டில் வாங்குகிறோம், புதிய துவாய் மடித்து வைக்கிறோம். ஆனால் வருபவருக்கு என்ன சொல்வது என்று யோசிப்பது குறைவு. விருந்தாளியிடம் இதைச் செய்யுங்கள், அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பணம் பெற்றுத் தங்க வைக்கும்போது அந்தக் கூச்சத்தைப் படலைக்கு வெளியே விட்டு விட வேண்டும். கொழும்பிலிருந்து வருபவருக்கும் சரி, ஜேர்மனியிலிருந்து வருபவருக்கும் சரி, எங்கள் வளவு ஒரு புது உலகம். கிணறு எது, இரவில் எங்கே கால் வைப்பது, எந்த வழியால் நடப்பது என்று எதுவும் அவருக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் அவரும் ஆபத்தில் விழுவார், நாங்களும் சங்கடத்தில் விழுவோம்.

வந்தவுடன் ஒரு தேநீரைக் கொடுத்து, விறாந்தையில் இருத்தி, பத்து நிமிடம் பேசுங்கள். பின்னர் அதையே எழுதி அறைச் சுவரில் தொங்க விடுங்கள். பேசாமல் தாளை மட்டும் தொங்க விட்டால் வாசிக்க மாட்டார்கள்.

தண்ணீர்

முதலில் சொல்ல வேண்டியது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் நீர் ஏறும். நாளுக்கு மூன்று தடவை நீண்ட நேரம் குளித்துப் பழகியவருக்கு இது தெரிய நியாயமில்லை. "இது மழைத் தண்ணீர், அடுத்த மாரி வரை எங்களுக்கும் தோட்டத்துக்கும் இதுதான்" என்று சொன்னால் பெரும்பாலானோர் உடனே விளங்கிக் கொள்வார்கள். தடை போடுவதை விடக் காரணம் சொல்வது நல்ல பலன் தரும்.

கிணற்றடியில் குளிக்க ஆசைப்படுவோர் உண்டு. வாளியைக் கப்பியில் எப்படி இறக்குவது, கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். கட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சவர்க்கார நீர் மீண்டும் கிணற்றுக்குள் வழியாதபடி தள்ளி நின்று குளிக்கச் சொல்லுங்கள். பெண்கள் குறுக்குக் கட்டோடும் ஆண்கள் சாரத்தோடும் குளிப்பதே ஊர் வழக்கம். அதையும் முதலிலேயே சொன்னால் வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வராது. ஒரு சாரத்தை அறையில் வைத்து விட்டால் பேச்சுக்கே இடமில்லை.

குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி மூடிய போத்தலில் கொடுங்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு என்பதையும் சொல்லி விடுங்கள். அதைக் கண்டு அழுக்கு என்று பயந்து, ஒரு மிடறும் குடிக்காமல் வெயிலில் திரிபவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, இது எங்களுக்கானது: மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகில் இருக்கக் கூடாது. சுண்ணாம்புப் பாறையில் கழிவு வேகமாகக் கீழிறங்கி நிலத்தடி நீரோடு கலந்து விடும். புதிதாகக் கட்டுவதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டி விட்டுக் கட்டுங்கள்.

இரவு

வெளிநாட்டவர் சிலர் "நிலவில் விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கலாமா?" என்று கேட்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். இடம் கொடுக்க வேண்டாம். கரிய உடலில் வெள்ளை வளையம் கொண்ட கண்டங்கருவளைப் பாம்பு இரவில்தான் திரியும். தரையில் தூங்குபவரை அது கடித்தால் பல வேளை வலியே தெரியாது, காயமும் பெரிதாகத் தெரியாது. காலையில் கண் இமை தூக்க முடியாமல், மூச்சு வாங்கும்போதுதான் விபரீதம் தெரியும். எனவே கட்டிலில் படுக்க வேண்டும், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருக வேண்டும். இரவில் மலசலகூடம் போகும்போது செருப்பும் ரோச்சும் வேண்டும். ரோச்சைத் தலையணைப் பக்கத்திலேயே வையுங்கள், பற்றரியையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும், கீறி விடுவதும், வாயால் உறிஞ்சுவதும் ஆபத்து. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் "சுவசெரிய" அம்புலன்ஸ் இலவசமாக வரும். வடக்கில் இச்சேவை 2018இல் தொடங்கியது. வழி சொல்லுவதற்கு ஏற்றபடி உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கோயிலின் அல்லது பாடசாலையின் பெயரைத் தாளில் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். விருந்தாளியே அழைக்க வேண்டிய நேரமும் வரலாம்.

மலேரியா பற்றிக் கேட்பார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. டெங்கு அப்படியல்ல. அந்த நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை மங்கும் முன்னரும் கடிக்கும். மாரிக்குப் பிந்திய மாதங்களில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை, முக்கியமாக அஸ்பிரின், போட வேண்டாம், வைத்தியரிடம் போங்கள் என்று ஒரு வரி தாளில் இருக்கட்டும்.

கிடுகு அல்லது பனையோலை வேய்ந்த குடிலாக இருந்தால் உள்ளே சிகரெட், மெழுகுதிரி, நுளம்புச் சுருள் மூன்றும் வேண்டாம். மின்சாரம் நின்றால் மெழுகுதிரி தேடுவார்கள். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை, அவர்களுக்கு அந்த அனுபவம் இல்லை. மின்னேற்றும் விளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து விடுங்கள். ஆடி, ஆவணி மாதங்களில் பனைக்குக் கீழே கதிரை போட்டு இருக்க வேண்டாம் என்பதும் சிரிப்புக்குரிய விடயமல்ல. பனம்பழம் விழும் வேகம் எங்களுக்குத் தெரியும்.

வெளியே போகும்போது

கடலைப் பற்றி ஒரு சொல். முல்லைத்தீவுப் பக்கக் கடலும் கிழக்குக் கடலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றோடு கொந்தளிக்கும். கிராமத்துக் கரையில் உயிர்காப்பாளர் நிற்பதில்லை. "மீன்பிடிக்கப் போகிறவர்கள் இன்று வள்ளம் இறக்கவில்லை என்றால் நீங்களும் இறங்க வேண்டாம்." இதை விட எளிதான விதி கிடையாது. நெடுந்தீவுக்குப் போக விரும்பினால் குறிகட்டுவானிலிருந்து வள்ளம் புறப்படும் நேரத்தையும், திரும்பும் கடைசி வள்ளத்தின் நேரத்தையும் முதல் நாளே விசாரித்துச் சொல்லுங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், தீவில் நிழல் குறைவு. நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே போக வேண்டும் என்பதை வாசலில் தெரிந்து கொண்டு வெட்கப்படுவதை விட வீட்டிலேயே தெரிந்து கொள்ளட்டும்.

மிதிவெடி பற்றிப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. பயணி பயந்து போய் விடுவாரோ என்று நினைக்கிறோம். ஆனாலும் பேச வேண்டும். முகமாலை போன்ற இடங்களில் 2009க்குப் பிறகு தொடங்கிய மிதிவெடி அகற்றும் பணி இன்றும் முடியவில்லை. அந்த வெயிலில் முழங்காலிட்டு மண்ணைக் கிளறுபவர்களில் எங்களைப் போன்ற குடும்பத் தலைவிகள் பலர். துப்புரவாக்கப்பட்ட ஊரில் பயமின்றி நடக்கலாம். ஆனால் புகைப்படம் எடுக்கும் ஆசையில் பற்றைக்குள்ளும், பாழடைந்த வீட்டுக்குள்ளும், கைவிட்ட காவலரணுக்குள்ளும் நுழைபவர்கள் உள்ளார்கள். ஊரவர் நடக்கும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம். நிலத்தில் கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் நினைவுப் பொருளென்று பொறுக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த வழியே திரும்பி வந்து உங்களிடமோ, 119இல் பொலிசாரிடமோ சொல்லட்டும். இராணுவ முகாமைப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லி விடுங்கள்.

கேட்கக் கூடாத கேள்விகள்

யுத்தம் முடிந்த பின்னர் வன்னிக்கு யுத்த இடங்களைப் பார்க்கவே பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். புதுக்குடியிருப்பில் இருந்த நிலவறையை 2013 ஒக்டோபரில் இராணுவம் தகர்க்கும் வரை அதற்கும் கூட்டம் போனது. இன்றும் சில விருந்தாளிகள் அதே ஆவலோடுதான் வருகிறார்கள். சாப்பாட்டு மேசையில், உங்கள் பிள்ளைகளின் முன்னாலேயே, "உங்கள் கணவர் எங்கே? எப்படிச் செத்தார்? நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் இல்லாமலே கேட்பவர்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு.

அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான் அவர் பணம் தருகிறார். எங்கள் கதை அந்தப் பணத்தில் சேராது. சொல்ல மனமுள்ளவர்கள் சொல்லலாம், அது அவரவர் விருப்பம். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை உங்கள் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. எனவே தாளிலேயே ஒரு வரி எழுதுங்கள்: "எங்கள் குடும்பத்துக்கு நடந்தவற்றை நாங்களாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகக் கேட்க வேண்டாம். எங்களையும் பிள்ளைகளையும் வீட்டிலுள்ள படங்களையும் கேட்காமல் புகைப்படம் எடுக்க வேண்டாம்." எழுத்தில் இருந்தால் முகத்துக்கு முன்னால் மறுக்கும் கஷ்டம் பாதியாகக் குறையும். அதையும் மீறிக் கேட்டால், "அதைப் பற்றிப் பேசுவதில்லை, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டுமா?" என்று எழுந்து விடுங்கள்.

மே மாதத்து விருந்தாளிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். மே 18இல் நீங்கள் முள்ளிவாய்க்காலுக்குப் போவதாக இருந்தால் அன்று சாப்பாட்டுக்கு வேறு ஒழுங்கு என்று முன்பே அறிவியுங்கள், அல்லது அந்த வாரம் அறையை மூடி விடுங்கள். அந்த நாட்களில் தெருவோரத்தில் கஞ்சி கொடுத்தால், அது ருசி பார்க்கும் பண்டமல்ல, எதன் நினைவாகக் கொடுக்கப்படுகிறது என்பதை இரண்டு வசனத்தில் சொல்லி விட்டுக் கையில் கொடுங்கள்.

வீட்டுப் பாதுகாப்பு

தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் பெண், தனியாக வரும் ஆணுக்கு இடமில்லை என்று சொல்லலாம். அதற்கு விளக்கம் தேவையில்லை. எவர் வந்தாலும் பெயர், கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை இலக்கம், வந்த திகதி, போகும் திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள், அட்டையின் படத்தையும் எடுத்து வையுங்கள். குசினியும் உங்கள் படுக்கை அறையும் விருந்தாளிக்குரிய இடமல்ல. பிள்ளைகளைத் தனியாக எங்கும் அழைத்துப் போக விட வேண்டாம், கடைக்கு இனிப்பு வாங்கவும் வேண்டாம். கள்ளு வாங்கி வரச் சொல்லிப் பிள்ளையை அனுப்பவும் கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நீங்கள் மது விற்பது சட்டப்படி குற்றம். வளவுக்குள் குடிக்கலாமா, எத்தனை மணி வரை என்பதை நீங்களே தீர்மானித்துத் தாளில் எழுதுங்கள். அயலில் நம்பிக்கையான ஒருவருக்கு இன்று யார் தங்குகிறார் என்பது தெரிந்திருக்கட்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

பதிவைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களையும், அதாவது ஹோம் ஸ்டேக்களையும், பதிவு செய்கிறது. படிவத்துக்கும் உதவிக்கும் முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

சாப்பாட்டு விடயம் சுருக்கமானது. இரவுச் சாப்பாடு வேண்டுமா என்று காலையிலேயே சொல்லச் சொல்லுங்கள், உறைப்பு எவ்வளவு என்று கேளுங்கள், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் என்றால் அதையும் எழுதுங்கள். விலையைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள்: அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, உடுப்புத் தோய்த்தால் எவ்வளவு. "நீங்கள் விரும்பியதைத் தாருங்கள்" என்று சொல்லி விட்டுப் பிறகு மனம் நோக வேண்டாம்.

தாளைத் தமிழில் எழுதி, ஊர்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதுவியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கதவின் உட்பக்கத்தில் மாட்டுங்கள், ஈரம் பட்டாலும் கிழியாது. மாரி தொடங்கும் முன் எடுத்து ஒருமுறை வாசித்து, மாறிய விலையையும் தொலைபேசி இலக்கத்தையும் திருத்தி மாட்டுங்கள்.